‘ஜாக்குன்’ கெட்ட வார்த்தையா?

கேள்வி:

குளுவாங்கிலிருந்து காஹாங் போகும் சாலையில் ஒரு தோட்டப் பட்டணத்தில் இருக்கிறோம். கணவருக்குச் செம்பனை ஆலையில் வேலை. மகன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து, இந்த ஆண்டு இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் சேர்ந்திருக்கிறான். போன தீபாவளிக்குக் கோலாலம்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். பேரங்காடியில் சாப்பிடப் போன இடத்தில் ஒரு ரோபோ தட்டுகளைச் சுமந்துகொண்டு மேசை மேசையாக வந்தது. இவன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தபடி நின்றுவிட்டான். அண்ணன் பிள்ளைகள் “டேய் ஜாக்குன், வாய மூடுடா” என்று சொல்லிச் சிரித்தார்கள். இவனும் சிரித்தான். ஆனால் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. வீடு திரும்பிய பிறகு அந்த வார்த்தை இவன் வாயில் ஒட்டிக்கொண்டது. தங்கச்சியைச் சொல்வான். கடையில் கியூஆர் வைத்துப் பணம் கட்டத் தெரியாமல் நின்ற என் அப்பாவையும் சொன்னான். அப்பா சிரித்துவிட்டார்.

போன மாதம் பள்ளி அறிவியல் கூடத்தில், விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பையன் மைக்ரோஸ்கோப்பில் வெங்காயத் தோலைப் பார்த்துவிட்டு ஆச்சரியத்தில் சத்தம் போட்டிருக்கிறான். என் மகன் மலாயில் “நீ சரியான ஜாக்குன்டா” என்று சொல்ல, வகுப்பே சிரித்திருக்கிறது. அந்தப் பையன் உண்மையிலேயே ஜாக்குன் இனத்தவன், ஓராங் அஸ்லி எனும் பூர்வகுடி. வாரக் கடைசியில் கிராமத்துக்குப் போனவன் புதன்கிழமைதான் திரும்பி வந்தானாம். இப்போது யாரோடும் பேசுவதில்லையாம். ஆசிரியர் கூப்பிட்டுச் சொன்னபோதுதான் அப்படி ஓர் இனம் இருப்பதே எனக்குத் தெரியும். கணவர் மகனை அடித்துவிட்டார். அப்பாவோ, “அந்தக் காலத்துலேருந்து எல்லாரும் சொல்றதுதானே. நம்மள யாரும் சொல்லலையா? இதுக்குப் போயி புள்ளய அடிப்பாங்களா” என்கிறார்.

இது உண்மையில் கெட்ட வார்த்தையா? மகன் என்ன செய்ய வேண்டும்? அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வது? சித்திரைப் புத்தாண்டுக்கு அண்ணன் குடும்பம் இங்கே வருகிறது. அதை நினைத்தாலும் கவலையாக இருக்கிறது.

— ஒரு தாய், ஜொகூர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

பள்ளி ஆலோசகராக வேலை செய்கிறவளிடம் இப்படிக் கேட்டால், ‘ஆமாம், கெட்ட வார்த்தைதான், இனிமேல் சொல்லக் கூடாது என்று கண்டியுங்கள்’ என்ற பதில்தான் வரும் என்று நினைத்திருப்பீர்கள். அப்படிச் சொல்லி முடித்துவிடாதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

உங்கள் மகன் செய்தது தவறு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ‘ஜாக்குன்’ ஒரு மக்களின் பெயர். “நீ எந்த இனம்?” என்று யாராவது கேட்டால் அந்தப் பையன் சொல்ல வேண்டிய பதில் அது. அவனுடைய அப்பாவும் பாட்டனும் சொல்லிவந்த பதில். அதை நம் வீட்டில் தூஷண வார்த்தைகளோடு சேர்த்து வைத்து, ‘சீ, அதை வாயில எடுக்காதே’ என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால், நாளைக்கு அந்தப் பையனே தன் இனத்தின் பெயரைச் சொல்லும்போது உங்கள் மகன் தலையைக் குனிந்துகொள்வான். வகுப்பில் நடந்ததைவிட அது குறைந்த அவமானம் இல்லை. சொல்லைத் தடுப்பதைவிட, அது ஒரு பெயர் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்வது முக்கியம். அண்ணன் பிள்ளைகளும்தான்.

மலாய் இளைஞர்கள் பேச்சில் ‘ஜாக்குன்’ என்றால், புதிதாக எதையாவது பார்த்து வாயைப் பிளக்கிறவன். பட்டணத்துக்கு முதல் தடவை வந்தவன், விமானத்தில் முதல் தடவை ஏறியவன், புதுக் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவன் எல்லாரும் அதில் அடக்கம். தன்னைத்தானே ‘நான் ஜாக்குன் ஆயிட்டேன்’ என்று சொல்லிச் சிரித்துக்கொள்கிறவர்களும் உண்டு. அதனால்தான் அது விஷமில்லாத வார்த்தை போலத் தெரிகிறது. நம் பிள்ளைகள் மலாய் நண்பர்களிடமிருந்து அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ‘பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்த மாதிரி’ என்று நாம் சொல்வோமே, அந்த இடத்தில் இதைப் போட்டுவிட்டார்கள். மிட்டாய்க் கடைப் பட்டிக்காட்டானுக்கு முகம் கிடையாது. ஜாக்குனுக்கு உண்டு. உங்கள் மகன் வகுப்பில் அவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடி மக்களை அரசு 18 பிரிவுகளாகக் கணக்கில் வைத்திருக்கிறது. நெக்ரித்தோ, செனோய், மெலாயு அஸ்லி என்று மூன்று பெரிய தொகுதிகள், ஒவ்வொன்றிலும் ஆறு பிரிவுகள். கேமரன் மலை, தாப்பா பக்கம் இருக்கும் செமாய் மக்களும், சுங்கை சிப்புட்டுக்கு உட்புறம் இருக்கும் தெமியார் மக்களும் செனோய் தொகுதி. கேரித் தீவில் நம் தோட்டத் தமிழர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மா மெரி மக்களும் அதில்தான் வருகிறார்கள். ஜாக்குன் மக்கள் மெலாயு அஸ்லி தொகுதி. ஜொகூரிலும் பகாங்கிலும் இருக்கிறார்கள். எண்டாவ், ரொம்பின், சினி ஏரிக்கரை எல்லாம் அவர்கள் ஊர். பேசுவது மலாய்க்கு நெருங்கிய மொழி. உங்கள் வீட்டு வாசலில் ஓடும் அதே காஹாங் சாலையைப் பிடித்து, செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி உள்ளே உள்ளே போனால் எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் வாசலில் கம்போங் பெத்தா வருகிறது. அது ஜாக்குன் கிராமம். ‘அப்படி ஓர் இனம் இருப்பதே தெரியாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. சாலையின் அந்த முனையில் இருப்பவர்களைப் பற்றி இந்த முனையில் இருப்பவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. கேலிச் சொல் மட்டும் கோலாலம்பூரைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது.

‘சக்காய்’ என்ற சொல்லையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது உங்கள் அப்பாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். காட்டில் இருக்கும் எல்லாரையும் மொத்தமாகக் குறிக்க வெளியாட்கள் வைத்த பெயர் அது. அடிமை, அண்டிப் பிழைக்கிறவன் என்ற வாடை அதில் உண்டு. வெள்ளைக்காரன் காலத்து ஏடுகளிலும் இருக்கிறது. நம் நாட்டுப் பூர்வகுடியினர் அந்தப் பெயரை ஏற்றுக்கொள்வதில்லை. அதை அவர்கள் முன்னால் சொல்லவே கூடாது. 1960-களில் அரசு ‘ஓராங் அஸ்லி’ என்பதை அதிகாரப்பூர்வமான பெயராக எடுத்துக்கொண்டது. ஜாக்குன் வேறு கதை: பெயர் சரி, நாம் அதை வைத்துச் செய்த வேலைதான் சரியில்லை.

இப்போது உங்கள் அப்பாவிடம் வருகிறேன். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவர்தான். “நம்மள யாரும் சொல்லலையா?” என்று கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. அதற்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

சொன்னார்கள். ‘கெலிங்’ என்று சொன்னார்கள். அந்த வார்த்தைக்காகத் தோட்டத்துப் பையன்கள் பட்டணத்துப் பள்ளிகளில் சண்டை போட்டு மூக்கில் இரத்தத்தோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். அப்போது எதிராளி என்ன சொல்வான்? ‘இதில் என்ன தப்பு? அது கலிங்கம் என்ற பழைய நாட்டின் பெயர்தானே, வரலாற்றிலேயே இருக்கிறதே.’ உண்மைதான், இருக்கிறது. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது, மலாக்காவில் தஞ்சோங் கெலிங் என்று ஊரே இருக்கிறது. அதற்காக யாரும் சண்டைக்குப் போவதில்லை. முகத்துக்கு நேரே, அந்தத் தொனியில், அந்தச் சிரிப்போடு சொல்லும்போதுதான் வலிக்கிறது. ‘எல்லாரும் காலம் காலமாகச் சொல்வதுதானே’ என்ற சமாதானத்தை அன்றைக்கு நம் பெரியவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அதையே இன்றைக்கு நாம் எடுத்து இன்னொரு பிள்ளையிடம் நீட்டுகிறோம்.

‘பாரியா’ விஷயம் உங்களுக்கே நினைவிருக்கும். 2011-ல் படிவம் ஐந்து மலாய் இலக்கியப் பாடத்துக்கு வைத்த ஒரு நாவலில் அந்தச் சொல் இருந்தது. நம் இயக்கங்களும் கட்சிகளும் கொதித்து எழுந்தன. கடைசியில் அந்த நாவலைப் பாடத்திலிருந்து எடுத்தார்கள். அந்தச் சொல்லும் ஒரு மக்களின் பெயர்தான். தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தின் பெயர் ஆங்கிலத்துக்குப் போய் ‘ஒதுக்கித் தள்ளப்பட்டவன்’ என்று ஆனது. அங்கிருந்து மலாய்க்கு வந்து தெருநாயின் பெயராகவும் ஆகிவிட்டது. கப்பல் ஏறி வந்தவர்களில் அந்தச் சமூகத்தார் எத்தனையோ பேர். உங்கள் பட்டணத்தைச் சுற்றியிருக்கும் காட்டை அழித்துப் பால்மரம் நட்ட கைகளில் அவர்கள் கைகளும் உண்டு. மக்களின் பெயர் வசைச்சொல்லாக மாறினால் எப்படி இருக்கும் என்று இந்த நாட்டில் நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அதிகம் பேர் இருக்க முடியாது. (நாமும் யோக்கியர்கள் இல்லை. சண்டை போடுகிற பெண்ணைக் ‘குறத்தி மாதிரி’ என்று சொல்லும் வழக்கம் எந்தத் தோட்டத்து லயத்தில் இல்லை? அதுவும் மலைக்குடி மக்களின் பெயர்தான்.)

அப்பாவிடம் இதையெல்லாம் பிரசங்கமாகச் செய்யாதீர்கள். எழுபதைத் தாண்டியவர் மகளிடம் பாடம் கேட்க மாட்டார், கேட்கவும் வேண்டாம். அவரைப் பேச வைப்பது நல்லது. பெத்தாய்க் கட்டும் பிரம்பும் தேனும் விற்கக் காட்டிலிருந்து தோட்டத்துக்கு யார் வருவார்கள், பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து வரும் வழியில் அவர்களை எங்கே பார்ப்பார், அவர்களோடு எந்த மொழியில் பேசினார் என்று சும்மா கேட்டுப் பாருங்கள். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் என்று 1948 முதல் 1960 வரை நடந்ததே, அந்த நேரத்தில் லயத்து மக்களைக் கம்பி வேலிக்குள் கொண்டுவந்து வைத்ததை அவருடைய பெற்றோர் சொல்லிக் கேட்டிருப்பார். அதே ஆண்டுகளில் பூர்வகுடி மக்களையும் காட்டிலிருந்து இறக்கி முகாம்களில் அடைத்தார்கள். காட்டுக் காற்றுக்குப் பழகியவர்கள் அங்கே நோயிலும் ஏக்கத்திலும் பலர் செத்துப்போனார்கள். இதைச் சொன்னால் அவருக்குப் புரியும். வேலிக்குள் இருந்தவர்களின் பிள்ளை அவர்.

இன்னொன்று. பேரன் ‘ஜாக்குன்’ என்றபோது அவர் சிரித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்க, கைப்பேசியோடு தடுமாறுகிற பெரியவர் வேறென்ன செய்வார்? அந்தச் சிரிப்பை நான் முழுசாக நம்பவில்லை. தனியாக இருக்கும்போது கேளுங்கள். ஒருவேளை அவர் பதிலே உங்கள் வேலையை முடித்துவிடலாம்.

மகனைப் பற்றிச் சொல்ல வேண்டியது இதிலிருந்துதான் தொடங்குகிறது. அவன் ரோபோவைப் பார்த்து வாயைப் பிளந்தான். அந்தப் பையன் வெங்காயத் தோலைப் பார்த்து வாயைப் பிளந்தான். இரண்டும் ஒன்றுதான். பதின்மூன்று வயதுப் பிள்ளை இதுவரை காணாத ஒன்றைக் கண்டால் அப்படித்தான் நிற்க வேண்டும். நிற்காத பிள்ளையைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். அன்றைக்கு உங்கள் மகன் சாப்பிடாமல் எழுந்தானே, அப்போது அவனுக்குள் ஒரு பயம் நுழைந்துவிட்டது: நான் தோட்டத்திலிருந்து வந்தவன் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அந்தப் பயத்தை இறக்கி வைக்க அவனுக்குத் தன்னைவிடக் கீழே ஓர் ஆள் தேவைப்பட்டது. முதலில் தங்கச்சி, பிறகு தாத்தா, பிறகு விடுதிப் பையன். ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லை இன்னொருவர் மேல் போட்டால் தன்னை விட்டு அது போய்விடும் என்று நினைத்திருக்கிறான். கோலாலம்பூர்ப் பிள்ளைகளும் அதை எங்கிருந்தோ வாங்கித்தான் வந்திருப்பார்கள். உங்கள் அண்ணனும் லயத்தில் பிறந்தவர்தானே?

இதை நீங்களே அவனுக்கு விளக்கிச் சொல்லிவிடாதீர்கள். “அன்னைக்கு மாமா வீட்டுக்குப் போனப்போ, அந்தச் சாப்பாட்டுக் கடையில உனக்கு எப்படிடா இருந்துச்சு?” என்று மட்டும் கேளுங்கள். காரில் போகும்போது, அல்லது சேர்ந்து பாத்திரம் கழுவும்போது கேளுங்கள். இந்த வயதுப் பையன்கள் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார்கள். அவன் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு நாள் கழித்து அவனாக வந்து ஏதாவது சொல்வான். ‘அந்தப் பையனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்’ என்ற வாக்கியத்தை அவன் வாயால் சொல்வதற்கு இடம் விடுங்கள். உங்கள் கணவரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அடி வாங்கிய பிள்ளைக்கு அந்தப் பையனின் முகம் இனி அடியோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். ‘இவனால்தான் அப்பா அடித்தார்’ என்று மனசு திரும்பிவிட்டால் பிறகு சரிசெய்வது கஷ்டம்.

மன்னிப்புக் கேட்க வேண்டும். கட்டாயம் கேட்க வேண்டும். சுருக்கமாக, தனியாக, மலாயில் கேட்கட்டும். “அன்னைக்கு லேப்ல உன்னை அப்படிச் சொன்னேன். என் தப்பு. மன்னிச்சுக்கோ.” இவ்வளவு போதும். ‘எனக்கு அர்த்தம் தெரியாது’ என்பதை மன்னிப்போடு சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அது மன்னிப்பாக இருக்காது, வக்கீல் வாதமாகிவிடும். அந்தப் பையனாகக் கேட்டால் அப்போது சொல்லலாம். பதிலுக்கு அவன் ‘பரவாயில்லை’ என்று சொல்ல வேண்டும் என்றோ, உடனே நண்பனாக வேண்டும் என்றோ எதிர்பார்க்கக் கூடாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாலும் அது அவன் உரிமை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று பின்னாலேயே போய்க் கேட்பதும் தொந்தரவுதான்.

முறுக்கு டப்பாவோடு விடுதிக்குப் போகலாம் என்று நினைக்கிறீர்களா? நம் ஆட்களுக்கு முதலில் தோன்றுவது அதுதான். வேண்டாம். எல்லார் முன்னாலும் அவன் கையில் ஒரு டப்பா வந்தால், ஏன் வந்தது என்று விடுதி முழுக்கக் கேட்பார்கள்.

வகுப்பு முன்னால் நடந்த தவறு என்பதால் வகுப்பு முன்னாலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இருக்கிறது. அது மன்னிப்பில்லை. அன்றைக்குச் சிரித்தவர்களில் யாராவது மறுபடியும் அந்த வார்த்தையை எடுத்தால், “நிறுத்துடா, அது அவங்க இனத்தோட பேரு” என்று உங்கள் மகன் சொல்ல வேண்டும். இதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஸ்டிக்கராக அது சுற்றிக்கொண்டிருக்கவும் கூடும். அங்கேயும் இவன் சிரிக்காமல் இருந்தால் மற்றவர்கள் கவனிப்பார்கள். ஆரம்பித்து வைத்தவனே நிறுத்தச் சொல்கிறான் என்றால் பையன்களிடம் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

பள்ளி ஆலோசக ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். இதைச் சபைகூடலில் எடுத்துப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நல்லெண்ணத்தோடு யாராவது மேடையில் ஏறி ‘பூர்வகுடி நண்பர்களை மதிப்போம்’ என்று ஆரம்பித்தால், எண்ணூறு தலைகள் ஒரே பக்கம் திரும்பும். அந்தப் பையன் புதன்கிழமை வந்தது பெரிய விஷயம். வராமலே போயிருக்கலாம். ஆரம்பப்பள்ளியை முடித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்கு வராமலும், வந்தும் பாதியில் நின்றும் போகிற பூர்வகுடிப் பிள்ளைகள் நிறைய. தூரம், பணம், விடுதி வாழ்க்கை என்று பல காரணங்கள் அதற்கு உண்டு. கேலியும் அதில் ஒன்று. 2015-ல் கிளந்தான், குவா மூசாங் உட்பகுதியில் ஒரு பள்ளி விடுதியிலிருந்து தண்டனைக்குப் பயந்து காட்டுக்குள் ஓடிய ஏழு சின்னப் பிள்ளைகளில், ஏறக்குறைய ஏழு வாரத்துக்குப் பிறகு இருவர்தான் உயிரோடு கிடைத்தார்கள். உங்கள் ஊரில் அப்படி ஆகிவிடும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. விடுதியில் ஒரு பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டால் வார்டன் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பையனுக்கு விடுதியில் துணைக்கு யார் இருக்கிறார்கள், வீட்டோடு தொலைபேசியில் பேச முடிகிறதா என்று ஆசிரியரிடம் கேட்பதில் தப்பில்லை. குற்றம் செய்த பிள்ளையின் தாய் கேட்கிறாள் என்று கூச்சப்பட வேண்டாம்.

மகன் ஜாக்குன் மக்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். பாவம், ஏழை ஜனங்கள் என்று சொல்லி ஆரம்பிக்காதீர்கள். கற்பூரத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

இன்றைக்கு நாம் கோயிலில் ஏற்றும் கற்பூரம் பெரும்பாலும் ஆலையில், டர்பன்டைனிலிருந்து செய்வது. ஆனால் பச்சைக் கற்பூரம் என்று நம் முன்னோர்கள் கொண்டாடியது இந்தப் பக்கத்துக் காடுகளில் வளரும் காப்பூர் மரத்தின் உள்ளே இருந்து கிடைத்தது. சுமத்திராவில், கற்பூரத்துக்குப் பேர்போன பாரூசில், தமிழ் வணிகர்களான ஐந்நூற்றுவர் 1088-ல் வெட்டி வைத்த தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது. அந்த மரம் ஜொகூர், பகாங் காடுகளிலும் உண்டு. இங்கே எந்த மரத்துக்குள் கற்பூரம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் ஜாக்குன் மக்கள். எல்லா மரத்திலும் இருக்காது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கற்பூரம் தேடப் போகும் நாட்களில் அவர்கள் வழக்கமான பேச்சை விட்டுவிட்டு அதற்கென்றே தனி மொழி பேசுவார்கள். சாப்பாட்டிலும் குளியலிலும்கூடக் கட்டுப்பாடு உண்டு. அதை மீறினால் கற்பூரம் கண்ணில் படாது என்பது நம்பிக்கை. ‘பந்தாங் காப்பூர்’ என்று அதற்குப் பெயர். 19-ஆம் நூற்றாண்டில் ஜொகூர்க் காட்டுக்குள் போன வெள்ளைக்காரர்கள் அந்த மொழியின் சொற்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். தைப்பூசத்துக்கு விரதம் இருக்கிற பிள்ளைக்கு இது விளங்காத விஷயம் இல்லை.

அடுத்தது ஒரு வழக்கு. ஜொகூரில் லிங்கியூ ஆற்றில் நீர்த்தேக்கம் கட்டுவதற்காக 53,273 ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். அது ஜாக்குன் மக்கள் தலைமுறை தலைமுறையாக நடமாடிய காடு. பட்டா கிடையாது, கிராண்ட் கிடையாது. அவர்களில் 52 பேர் மாநில அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். அடோங் பின் குவாவ் வழக்கு என்று சட்டக் கல்லூரியில் படிப்பார்கள். ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் 1990-களில் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. காகிதம் இல்லாவிட்டாலும் மூதாதையர் நிலத்தின் மேல் அவர்களுக்கு உரிமை உண்டு, அதை எடுத்தால் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. இழப்பீடு 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட். 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிறகு வந்த பூர்வகுடி நில வழக்குகள் இந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஏறின. தோட்டத்தை விற்று, லயத்தை இடித்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு பட்டணத்துக்குப் போன நம் ஜனங்களுக்கு இந்த வழக்கின் கனம் சொல்லாமலே தெரியும். உங்கள் அப்பா இருக்கும்போது இந்தக் கதையை மகனிடம் சொல்லுங்கள். வாயைப் பிளப்பது இந்தத் தடவை யார் என்று பார்க்கலாம்.

கேமரன் மலையையும் போகிற போக்கில் சொல்லி வையுங்கள். தேயிலைத் தோட்டத் தமிழர்கள் நிறைந்த அந்தத் தொகுதியில் 2019 ஜனவரி இடைத்தேர்தலில் ஜெயித்த ரம்லி முகமட் நோர்தான் மக்களவைக்குப் போன முதல் ஓராங் அஸ்லி. பிறகு மக்களவைத் துணைச் சபாநாயகரும் ஆனார்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, ‘கம்போங் பெத்தாவுக்குப் போய்ப் பார்க்கலாமா அம்மா’ என்று மகன் கேட்கலாம். இப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள். கேலி செய்த பிள்ளை குடும்பத்தோடு காரில் போய் இறங்கி வேடிக்கை பார்ப்பது சரியாக இருக்காது. என்றைக்காவது அந்தப் பையன் கூப்பிட்டால் போகலாம்.

சித்திரைக்கு அண்ணன் வருகிறார் என்றீர்கள். பிள்ளைகள் வந்து இறங்கிய பிறகு பேச உட்கார்ந்தால் பஞ்சாயத்து ஆகிவிடும். இந்த வாரமே அண்ணனுக்குத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். “உங்க பிள்ளைங்க சொன்னதாலதான் இப்படி ஆச்சு” என்று ஆரம்பிக்காதீர்கள், அண்ணி போனைப் பிடுங்கிக்கொள்வார். பள்ளியில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பிள்ளைகளிடம் அவரே சொல்லட்டும். அவர்கள் வந்திருக்கும்போது உங்கள் மகன் செம்பனைக் குலை வெட்டுவதையோ ஆலைக்கு லாரி போவதையோ காட்டிக் கொடுக்கட்டும். பட்டணத்துப் பிள்ளைகள் நிச்சயம் வாயைப் பிளப்பார்கள். அப்போது உங்கள் மகன் பழி தீர்க்கப் பார்ப்பான். பக்கத்திலேயே இருங்கள்.